இரவல் உடம்பு

புனித தபித்தாவுக்கு உடம்பு கிடையாது.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஏதோ தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். தத்துவமெல்லாம் இல்லை. கோயிலில் நிற்கும் சிலையில் கழுத்துக்கு மேலே முகம் இருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கைகள் இருக்கின்றன. செதுக்கியவன் அதோடு நிறுத்திக்கொண்டான். மரம் தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ, தெரியாது. நடுவில் இருப்பதெல்லாம் குச்சிகள், துளைகள், முளைகள். ஒரு முளையைப் பிடுங்கி மேல் துளையில் செருகினால் அம்மா உயருவாள். இடுப்பு வளையத்தை இழுத்துவிட்டால் பெருப்பாள். அங்கியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், துணி காயப்போடும் சட்டத்துக்குத் தலை முளைத்த மாதிரி இருப்பாள்.

அதனால் வருஷா வருஷம் அவள் ஓர் உடம்பை இரவல் வாங்குவாள்.

ஏற்பாடு இதுதான். அவளுடைய நாள் வருவதற்கு முன்னால் ஊரில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டுக்கொள்ள நல்ல துணி இல்லாதவளாக இருக்க வேண்டும், தகுதி அது ஒன்றுதான். அவள் அளவுக்கு ஒரு வெள்ளை அங்கி தைப்பார்கள். சிலையின் முளைகளையும் அவள் அளவுக்கு மாற்றி, அங்கியைப் போட்டுவிட, ஊரே வந்து கும்பிடும். மறுநாள் அந்த அங்கி அந்தப் பெண்ணுக்கே போய்விடும். அவள் கேட்கும் நிறத்தில் சாயம் முக்கிக் கொடுப்பார்கள். தெருவில் போட்டுக்கொண்டு போனாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. அவள் யார் என்பது ஃபாதருக்கும் கோயில்பிள்ளைக்கும் தைக்கிறவருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கேயும் எழுதிவைக்கக் கூடாது. கோயில் நிறைய ஜனம் மண்டியிட்டிருக்கும்போது யாரோ ஒருத்தி தன் சொந்த இடுப்பைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் தபித்தாம்மாவுக்கு ஆறு மாசம். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. முதல் வரிசையில் நின்ற, கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குச் செயலாளர் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தே பூசையை முடித்தார். இன்னொரு வருஷம் பீடத்தில் இடம் பத்தாமல், பக்கத்தில் இறக்கையோடு நின்ற சம்மனசை நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது.

வேதத்தில் அவளுக்குக் கிடைத்திருப்பது ஒரு பக்கம்கூட இல்லை. யோப்பா என்ற கடற்கரை ஊரில் இருந்தாள். விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். நோயில் விழுந்து செத்தாள். குளிப்பாட்டி மாடியறையில் கிடத்திவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து இயேசுவின் சீடர் பேதுருவைக் கூட்டிவந்தார்கள். அந்த விதவைகள் அவரிடம், செத்தவள் எப்பேர்ப்பட்டவள் தெரியுமா என்று பேச்சை வளர்த்துக்கொண்டிருக்கவில்லை. அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த துணிகளைத் தூக்கிக் காட்டினார்கள். அவ்வளவுதான் சாட்சி. அது போதுமாக இருந்திருக்கிறது. அவர் ஜெபம் பண்ணினதும் கண்ணைத் திறந்தாள், எழுந்து உட்கார்ந்தாள். செத்துப் பிழைத்தவள் அங்கே என்ன பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சொன்னதாக இல்லை. தையல்காரி. பாதியில் விட்ட வேலை இருந்திருக்கும்.

இந்த வருஷம் தைக்கிற முறை மாஸ்டருக்கு வந்தது.

மாஸ்டர் என்று அந்தத் தெருவில் சொன்னால் ஒரே ஆள்தான். மூன்று மிஷின், ஒரு வெட்டுமேஜை, கழுத்தில் இன்ச் டேப், காதில் சாக்குக்கட்டி. கோயிலில் அவர் பார்வை பீடத்தின்மேல் இருக்காது. முன்னால் நிற்பவர்களின் முதுகுத் தையலில் இருக்கும். அவருடைய புகழெல்லாம் துணியை மிச்சம் பிடிப்பதில். ஒரு சட்டைக்குக் கொடுத்த துணியில் சட்டையும் தைத்து, ஒரு தலையணை உறைக்கு ஆகிற அளவுக்குத் திருப்பியும் கொடுப்பார். எப்படி? உள்ளே விடமாட்டார். மற்றத் தையல்காரர்கள் பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டிருப்பார்கள், ஆள் பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று. மாஸ்டரைக் கேட்டால் அது களவாணித்தனம். "அளவுன்னா அளவு. உள்ளே ஒளிச்சு வைக்கிறதுக்கு இது என்ன கடத்தலா?" என்பார். அவரிடம் தைத்தவர்கள் விருந்துக்குப் போகும்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

அவர் கடையில் அதை மூஞ்சிக்கு நேரே சொல்லக்கூடிய ஆள் காஜா அக்கா மட்டும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலேயே பட்டனுக்குக் காஜா எடுப்பாள். புருஷன் போய் வெகுநாள் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. "மாஸ்டரே, நீ வெட்டற சட்டையில மூச்சு விடறதுக்குன்னு தனியா ஒரு காஜா எடுக்கணும். அதுக்குக் கூலி யாரு தருவா?" என்பாள். வாடிக்கைக்காரர் எதிரிலேயே சொல்வாள்.

அந்த ஜன்னலோரம் இப்போது சில வாரமாகக் காலியாக இருந்தது.

கோயில்பிள்ளை ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். கோயில் கதவு திறப்பது, மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, தபித்தாம்மாவின் முளைகளைச் செருகுவது எல்லாம் அவர் பாடு. ரகசியம் காத்துக் காத்து, மழை வருகிறது என்பதைக்கூடக் குனிந்து காதில் சொல்லுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

"இந்த வருஷம் அளவு எடுக்க நீ ரொம்ப தூரம் போக வேணாம்" என்றார் காதில்.

"யாரு?"

கோயில்பிள்ளை காலி ஜன்னலோரத்தைப் பார்த்தார்.

மாஸ்டர் காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு எடுத்துக் காதிலேயே வைத்துக்கொண்டார். "சரி" என்றார்.

காஜா அக்கா அதே தெருவில் ஓர் அச்சுக்கூடத்துக்கு மேலே, மாடியறையில் இருந்தாள். கீழே மிஷின் ஓடும்போது மாடியில் மருந்து பாட்டில்கள் மெல்ல நடனமாடும். மாஸ்டர் போனபோது அவள் படுத்திருந்தாள். போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. போர்வை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

"அளவெடுக்க வந்திருக்கேன் அக்கா."

"எதுக்கு? பெட்டிக்கா?"

"தபித்தாம்மாவுக்கு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பு வந்தது. "பாவம்டா அந்தம்மா. அவளுக்கு வேற உடம்பே கெடைக்கலியா? என் உடம்பைப் போட்டுக்கிட்டு பீடத்துல எப்படி நிக்கும்? கட்டில் கொண்டுபோய்ப் போடுங்க."

"கையைத் தூக்குங்க."

"வேற யாருக்காவது குடு மாஸ்டரே. நெசமாத்தான் சொல்றேன். போட்டுக்கற ஆளுக்குத் தை."

"நீங்கதான் போட்டுக்கப் போறீங்க."

"புது மருந்து ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள், வேறு யாருடைய சமாச்சாரத்தையோ சொல்வது போல. "பிடிச்சா உடம்பு ஊதுமாம். ஊதினா பொழைச்சேன்னு அர்த்தமாம்."

"ஊதலன்னா?"

"காஜாவுக்கு வேற ஆளைப் பாரு."

மாஸ்டர் அளவெடுத்தார். டேப் மார்பைச் சுற்றி வந்து சேர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு, தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று மறுபடி சுற்றினார். அதேதான். பத்து வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சீருடை தைத்த அளவு. தோளுக்கு வந்தபோது இடது தோள் வலதைவிட நன்றாக இறங்கியிருந்தது. காலமெல்லாம் துணியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊசி போட்ட தோள்.

"அதை மட்டும் நேராக்கிடேன்" என்றாள் அக்கா. "பீடத்துல நிக்கும்போதாவது நேரா நிக்கறேன்."

"அளவுன்னா அளவு" என்றார் மாஸ்டர். எழுதிக்கொள்ளக் கூடாது என்பதால் படியிறங்கும்போது எண்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கீழ்ப்படியில் பங்குச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார்.

செயலாளர் நல்ல மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மூடியுள்ள பேனா ஒன்றும் மூடியில்லாத பேனா ஒன்றும் வைத்திருப்பார். "ரகசியம் ரகசியம்தான் மாஸ்டர். யாருன்னு நான் கேக்கவே இல்ல" என்றார், மாடி ஜன்னலைப் பார்த்தபடி. "பொதுவா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். படுத்த படுக்கையா ஒருத்தங்க இருக்காங்கன்னு வைங்க. அவங்களுக்குத் தைக்கிறோம். நாளைக்கு ஒண்ணு ஆயிடுச்சு. அப்புறம் அந்த அங்கி யாருக்கு? போட்டுக்கிற ஆளு வேணும் இல்லியா, ஏற்பாடே அதுதானே? ஃபாதர்கிட்ட சாயங்காலம் பேசறேன், வேற ஒருத்தரைப் பார்த்துடலாம். நீங்க இன்னும் துணி வெட்டலையே?"

"வெட்டியாச்சே" என்றார் மாஸ்டர்.

பொய். துணி மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. ஆனால் பொய்யைச் சொல்லிவிட்ட பிறகு அதை நிஜமாக்குவதுதான் யோக்கியமான ஆளுக்கு அழகு. மாஸ்டர் நேரே கடைக்குப் போய் கத்திரியை எடுத்தார்.

அந்தத் துணி நெசவுக்கூடத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும். சாயம் காணாத வெள்ளை. விலைக்கு வாங்கின துணி அம்மாமேல் ஏறக் கூடாது. கொடுத்த துணிதான் ஏறலாம். வெட்டி மிஞ்சியதைக் கடையில் வைத்துக்கொள்ளவும் கூடாது, அன்றைக்கே பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட வேண்டும், பிறந்த குழந்தைகளுக்குச் சட்டை தைக்க. மாஸ்டர் வெட்டினார். பிசிறு விழாமல், அளவுக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல், இறங்கிய தோள் இறங்கியபடியே வர வெட்டினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு துணி மிஞ்சியது கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இந்த வருஷம் நெறைய இருக்கே!" என்று நர்ஸம்மா வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். மாஸ்டருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஓடுதையல் போட்டு, பொருத்திப் பார்ப்பதற்காகக் கோயிலுக்கு எடுத்துப்போனார்.

கதவைச் சாத்திவிட்டு கோயில்பிள்ளை பழைய துணியை எடுத்தார். மாஸ்டர் அன்றைக்குத்தான் அம்மாவை அங்கியில்லாமல் பார்த்தார். அந்த முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் சாதுவாக இருக்கும். கிட்டே நின்று பார்த்தால் அப்படி இல்லை. இப்போதுதான் தூங்கி எழுந்து, யார் எழுப்பியது என்று பார்க்கிற முகம். மாஸ்டர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனார்.

கோயில்பிள்ளை எண்களைக் கேட்டுக் கேட்டு முளைகளை இறக்கினார். இடுப்பு வளையம் அதற்கு மேல் சுருங்காமல் நின்றுவிட்டது. சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினார். அங்கியைப் போட்டார்கள். தோல் மாதிரி உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. மாஸ்டர் தைத்ததிலேயே அதுதான் உத்தமமான தையல்.

இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். விழித்த முகம் மேலே இருந்தது. கீழே, நெஞ்செலும்பு துருத்தி, தோள் சரிந்து, அந்த மாடியறைக் கட்டிலில் கிடந்தது அப்படியே எழுந்து நின்றது.

கோயில்பிள்ளை கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பக்கத் தையலை விரலால் தடவினார். முதல் தடவையாக அவர் காதில் பேசாமல் வாய்விட்டுக் கேட்டார்: "உள்ளே துணி எங்கப்பா?"

"விடலை."

"ஏன்?"

"நான் விடறதில்லையே."

கோயில்பிள்ளை மெழுகுவத்திக் கறையைச் சுரண்டுவது போல ஏதோ செய்தார். "செத்தவங்களுக்குத்தான் இப்படித் தைப்பாங்க" என்றார். "இனிமே வளராதுன்னு தெரியும், அதனால."

மாஸ்டர் தன் தையலைத் தானே தடவிப் பார்த்தார். மிச்சம் விடாமல் வெட்டுவது கெட்டிக்காரத்தனம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அக்கா பிழைக்க வேண்டும் என்று செயலாளரிடம் பொய் சொன்னவர், அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய், அவள் பிழைக்கமாட்டாள் என்று கத்திரியாலேயே முடிவு கட்டிவிட்டு வந்திருக்கிறார். மருந்து பிடித்தால் உடம்பு ஊதும். ஊதினால் இந்த அங்கி ஏறாது. இது ஏற வேண்டுமென்றால் அவள் ஊதக் கூடாது.

அன்றிலிருந்து அவர் தினம் மாடிக்குப் போனார். டேப்பைக் கையில் மறைத்துக்கொண்டு போனார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு நாள் அக்காவின் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. மறுநாள் மணிக்கட்டு. அதற்கடுத்து அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா மாஸ்டரே, மாவுருண்டை மாதிரி ஆயிட்டேன்! டாக்டர் வந்து கன்னத்தைக் கிள்ளிப் பாத்துட்டுச் சிரிக்கறாரு. இவ்வளவு சந்தோஷமா என்னை யாரும் குண்டுன்னு சொன்னதே இல்ல." அவர் டேப்பைச் சுற்றியபோது அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன, நான் பொழைக்கறது உனக்குப் பிடிக்கலியா?"

"அங்கி ஏறாது அக்கா."

"எவ்வளவு கொறையுது?"

மாஸ்டர் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

"உள்ளே விடவே இல்லியா?" என்றாள். அவர் டேப்பைச் சுருட்டினார். அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டாள். "சரி விடு. உன் புத்தி உனக்கு. நான்தான் சொன்னேனே, போட்டுக்கற ஆளுக்குத் தைன்னு." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. மாஸ்டர் அப்போதுதான் கண்டார்: வேண்டாம் வேண்டாம் என்றவள் அதை நினைத்துக்கொண்டேதான் படுத்திருந்தாள். அதைப் போட்டுக்கொள்வதற்காகவே எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்தத் துணி அதற்குள் குழந்தைகள்மேல் ஏறி, ஈரமும் ஆகிவிட்டிருந்தது. உலகத்துக்கு வந்து ஒரு நாள் ஆகாத ஆளிடம் போய்ச் சட்டையைக் கழற்று என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நெசவுக்கூடத்தில் தறியில் வேறு பாவு ஏறியிருந்தது. கடைகளில் வெள்ளைத் துணி மலைமலையாக இருந்தது. எல்லாம் விலைக்கு விற்கிற துணி.

கோயில்பிள்ளையிடம் போய்ச் சொன்னார். அவர் ஃபாதரின் காதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் ஃபாதர் அறிவித்தார்: "இந்த வருஷம் தபித்தாம்மாவோட அங்கிக்குத் துணி பத்தலை. கொடுத்த துணிதான் வைக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்." கோயிலில் யாரோ இருமினார்கள். மாஸ்டர் கடைசி வரிசையில், தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பஸ் கண்டக்டர். யூனிஃபாரம் போட்டிருந்தாள், கையில் ஒரு பை. பையிலிருந்து மடித்த அங்கி ஒன்றை எடுத்தாள். அடர் நீலம். அதை மேஜையில் போட்டு, உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலை விரித்துக் காட்டினாள். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருந்தது.

"இது கொடுத்த துணிதான்" என்றாள். "பிரிச்சுக்கங்க."

மாஸ்டர் பிளேடைத் தேடுவதற்குள் இன்னொருத்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பவள், சிவப்பு. அவள் பின்னாலேயே ரொட்டிக்கடைக்காரி, பச்சை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"நீயுமா?"

"நீங்களுமா! எந்த வருஷம்?"

"சம்மனசை நகர்த்தின வருஷம்" என்றாள் ரொட்டிக்கடைக்காரி கம்பீரமாக.

"அப்ப அந்த வயிறு யாரோடது?"

"என்னோடது" என்று வாசலிலிருந்து ஒரு குரல். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சலவைக்காரி உள்ளே வந்தாள். "உள்ளே இருந்தது இவதான். கும்பிட்டவங்கெல்லாம் இவளையும் சேர்த்துத்தான் கும்பிட்டீங்க. அதான் இப்படி ஆடறா."

கடை சிரித்தது. பிறகு சிரிப்பு தானாக நின்றது. வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் அங்கியைத் தூக்கி, உள்பக்கம் திருப்பி, மாஸ்டர் கண்முன் பிடித்தாள். சிலர் அழுதார்கள். கடை முழுக்கத் துணி, துணி, துணி. மாஸ்டர் நடுவில் நின்றார். எங்கேயோ கேட்ட காட்சி என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வந்ததும் பிளேடை எடுத்துக்கொண்டார். மாடியறையில் நின்ற பேதுருவுக்காவது ஜெபம் பண்ணத் தெரிந்திருந்தது. மாஸ்டருக்குத் தெரிந்தது தையல் பிரிப்பது ஒன்றுதான்.

பிரித்தார். மேலே நீலம் வெளுத்துச் சாம்பலாகப் போயிருந்தது. உள்ளே மடிந்திருந்த இடத்தில் நேற்று முக்கியது போல நீலம். வெயிலே படாத நீலம். எந்தத் தையல்காரனோ, இவள் தேறுவாள், பெற்றெடுப்பாள், நாலு வேளை சாப்பிட்டுச் சதை போடுவாள் என்று நம்பியிருக்கிறான். நம்பியதை வெளியே சொல்லாமல் மடித்து உள்ளே தைத்திருக்கிறான். இதைத்தான் மாஸ்டர் இத்தனை நாள் களவாணித்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூட்டத்தைக் கேள்விப்பட்டு செயலாளர் வந்துவிட்டார். "ரகசியம் என்ன ஆறது? இப்படி எல்லாரும் வெளிப்படையா வந்து நின்னா..." என்று ஆரம்பித்தவர், கூட்டத்தில் தன் அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க எங்க இங்க?"

அந்த அம்மாள் கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, பழுப்பு நிற அங்கி ஒன்றை மேஜைமேல் வைத்தாள். அது செயலாளருக்கு நன்றாகத் தெரிந்த அங்கி. ஞாயிறு தவறாமல் பார்த்த அங்கி.

"இது நீங்க... கடையில வாங்கினதுன்னு..."

"உங்க அப்பா செத்துப்போன வருஷம்டா" என்றாள் அவள். "நீ அப்ப பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தே. இருந்த ஒண்ணைத் துவைச்சுப் போட்டுட்டு, காயற வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உட்காந்திருப்பேன். நீ கதவைத் தட்டி, சோறு கேப்பே. தூங்கறேன்னு சொல்லுவேன்." மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "நல்லா விட்டுத் தச்சிருக்காரு அந்த மனுஷன். நான்தான் பெருக்கவே இல்ல. மொத்தத்தையும் எடுத்துக்கப்பா."

செயலாளர் காலி ஜன்னலோரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, அம்மாவின் அங்கியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பிரித்த இடத்தில் நின்ற நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். பேனா பிடித்த விரலுக்கு அது வரவில்லை. ஆனாலும் விடவில்லை.

தபித்தாம்மாவின் நாளன்று கோயில்பிள்ளை சணல் கயிற்றை அவிழ்த்தார். வளையம் விரிந்தது. முளைகள் அடுத்த துளைக்கு நகர்ந்தன. வெள்ளை அங்கியின் இரண்டு பக்கத்திலும் அக்குளிலிருந்து பாதம் வரைக்கும் பட்டிகள் இறங்கின: நீலம், சிவப்பு, பச்சை, பழுப்பு, பெயர் தெரியாத நிறங்கள். அம்மா நின்றாள். இறங்கிய தோளோடு நின்றாள்.

திரையை விலக்கியதும் கோயிலில் சத்தமே இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில், இந்த வருஷம் யாராக இருக்கும் என்று ஒரு குசுகுசுப்பு ஓடும். இப்போது கேட்க ஒன்றும் இல்லை. அந்தத் தோளைத் தெருவே பார்த்திருக்கிறது, ஜன்னலோரத்தில். கண்டக்டர் தன் நீலத்தைக் கண்டுபிடித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மரத்தில் செதுக்கிய அந்த இரண்டு கைகளும் எல்லாருக்கும் நேராக நீண்டிருந்தன. உடம்பே இல்லாத ஒருத்திக்கு இவ்வளவு உடம்பா என்று மாஸ்டர் நினைத்தார். குழந்தையொன்று அழ ஆரம்பித்த பிறகுதான் ஊர் மறுபடி ஊராயிற்று.

மறுநாள் சாயங்காலம் அங்கியை எடுத்துக்கொண்டு மாடியேறினார். அக்கா கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கியை மடியில் வாங்கி ஒவ்வொரு பட்டியாகத் தொட்டாள்.

"இது யாரு?"

"கண்டக்டரம்மா."

"இது?"

"ரொட்டிக்கடை."

"அவளா? அவ எனக்கு எப்பவும் கருகின ரொட்டியாத்தானே குடுப்பா!" பழுப்பைத் தொட்டாள். "இது?"

மாஸ்டர் சொன்னார். அக்கா அந்தப் பட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"எந்த நிறத்துல முக்கணும் அக்கா?"

"முக்காதே. இப்படியே இருக்கட்டும். நீ வெளிய நில்லு, போட்டுக்கறேன்."

மாஸ்டர் படியில் நின்றார். கீழே அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே துணி சரசரத்தது, கட்டில் முனகியது, ஏதோ விழுந்தது. "விழல, விழல, பாட்டில்தான்" என்றது குரல். பிறகு, "வா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கால்கள் நடுங்கின. ஆனால் நின்றாள். அங்கி தோளில் உட்கார்ந்து, மார்பில் இறுக்காமல் இறங்கி, பாதத்தில் நின்றது. சாயங்கால வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நேற்றுப் பீடத்தில் பார்த்த அதே சரிவு. ஆனால் இது மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நீலமும் சிவப்பும் பழுப்பும் கொஞ்சம் விரிந்து அடங்கின.

"எப்படி இருக்கு?"

"திரும்புங்க" என்றார் மாஸ்டர், எல்லாரிடமும் சொல்வதுதான்.

அவள் கம்பியைக் கை மாற்றிப் பிடித்து மெல்லத் திரும்பினாள். மாஸ்டர் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, கீழ் மடிப்பைப் பார்ப்பதற்காக மண்டியிட்டார். ஓரத்தை விரலில் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

"என்ன மாஸ்டரே, அவ்வளவு கோணலாவா இருக்கு?"

வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். "இல்ல. நேராத்தான் இருக்கு."

"பின்ன எழுந்திரேன்."

"இருங்க அக்கா" என்றார் மாஸ்டர்.